மேற்கோள் எண்ணிக்கை ஐந்து இலக்கம்: ஆட்டிசம் மரபணு ஆய்வாளரை இதை வைத்து எடைபோடலாமா?

கீழைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. அவன், நான், அவன் அப்பா மூன்று பேருடைய எச்சில் மாதிரியையும் கேட்டு ஒரு ஆய்வுக் குழுவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூவர் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஒப்புதல் படிவம் மேசையில் கிடக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

போடும் முன் குழுத் தலைவர் யார் என்று தெரிந்துகொள்ளலாமே என்று கூகுள் ஸ்காலரில் தேடினேன். நூற்றுக்கணக்கில் கட்டுரைகள், மேற்கோள் எண்ணிக்கை ஐந்து இலக்கம், எச்-இண்டெக்ஸ் அறுபதைத் தாண்டுகிறது. என் தம்பி அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு பெரிய ஆளா, யோசிக்காமல் போடு" என்கிறான். எனக்கு அந்த எண்ணைப் பார்த்து மலைப்பு வருகிறதே தவிர, அது என்ன சொல்கிறது என்று புரியவில்லை. ஒருவர் ஒரு வருடத்தில் முப்பது கட்டுரை எழுத முடியுமா? அவர் எழுதியது சரி என்பதால்தான் இத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்களா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தாருங்கள். அவர் பெயரை இங்கே போட விரும்பவில்லை, அது முறையாக இருக்காது.

நூலகத்து மேசை எழுதியது:

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு இந்தப் பட்டியல்களைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை, அதனால் எண்களைப் பற்றி நான் சொல்கிறேன், அறிவியலை மற்றவர்கள் சொல்லட்டும்.

எச்-இண்டெக்ஸ் என்பது ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகம் பெற்றதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். 60ஆவது கட்டுரைக்குக் குறைந்தது 60 மேற்கோள் இருந்து, 61ஆவதுக்கு 61 இல்லையென்றால் அவருடைய எச் 60. அவ்வளவுதான். இதில் என்ன நடக்கிறது என்றால், தலா 10 மேற்கோள் பெற்ற 10 கட்டுரைக்காரருக்கு எச் 10, ஆனால் தலா 1,000 மேற்கோள் பெற்ற மூன்றே கட்டுரை எழுதியவருக்கு எச் 3. இரண்டாமவர் துறையையே திருப்பிப் போட்டவராக இருக்கலாம். இன்னொன்று, இந்த எண் வயதோடு ஏறும், இறங்குவது அபூர்வம். ஒருவர் ஆய்வை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆன பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எந்தத் தரவுத்தளத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்வெளியீடுகள், மாநாட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மையமாக வைத்துக் கணக்கிடுபவை. அதே மனிதருக்கு மூன்று இடத்தில் மூன்று எச் இருக்கும், மூன்றும் பொய்யில்லை.

அப்புறம் பெயர்க் குழப்பம். முதலெழுத்தும் குடும்பப் பெயரும் ஒன்றாக இருந்தால் வேறொருவருடைய சிறுநீரகக் கட்டுரைகூட இவர் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். நானே ஒருவர் பக்கத்திலிருந்து இப்படி நாற்பது கட்டுரைகளை நீக்கச் சொல்லியிருக்கிறேன், அவருக்கே அது தெரியாமல் இருந்தது. இதைத் தீர்க்கத்தான் 2012இல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. அவருடைய ஆர்க்கிட் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையும் கூகுள் ஸ்காலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எக்ஸோம் எழுதியது:

நான் மரபணு வரிசைத் தரவை அலசும் வேலையில் இருப்பவன். ஆட்டிசம் தரவும் அதில் உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு முப்பது கட்டுரை எப்படி என்று கேட்டீர்கள். இந்தத் துறையில் அதற்கு நேரடிக் காரணம் இருக்கிறது. ஆட்டிசத்துக்குப் பங்களிக்கும் மரபணு மாற்றங்களில் பெரிய விளைவு உள்ளவை ஒவ்வொன்றும் மிக அரிது, அடிக்கடி காணப்படுபவை ஒவ்வொன்றும் மிகச் சிறிய விளைவு உள்ளவை. இரண்டு வகையையும் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் மாதிரி வேண்டும், அதை எந்தத் தனி ஆய்வகமும் திரட்ட முடியாது. அதனால் பல நாட்டுக் குழுக்கள் தரவைச் சேர்த்துக் கூட்டமைப்பாக வெளியிடுகின்றன. 2020இல் செல் இதழில் வந்த எக்ஸோம் (டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதி) ஆய்வில் மொத்தம் 35,584 பேருடைய வரிசை, அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் 11,986 பேர், கிடைத்தது 102 மரபணுக்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேல். ஊர் கூடி இழுத்த தேர் அது. வடத்தில் கை வைத்த ஒவ்வொருவர் பக்கத்திலும் அந்தக் கட்டுரை முழுசாக ஒன்று என்று ஏறும், அதற்கு வரும் ஆயிரக்கணக்கான மேற்கோளும் முழுசாக ஏறும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு முறையே அப்படி. மாதிரி சேகரித்துக் கொடுத்தவர், கருவி வாங்கப் பணம் திரட்டியவர், புள்ளியியல் முறையை உருவாக்கி இரவு பகலாக உட்கார்ந்தவர் எல்லோருக்கும் ஒரே எண்.

ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைக் கையால் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்தி அந்தக் கேள்வியை வளர்த்தவருடையது. நல்ல உதாரணம் ரெட் நோய்க்குறி, பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் மூளை வளர்ச்சிக் கோளாறு. எம்இசிபி2 மரபணுதான் அதற்குக் காரணம் என்று 1999இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த கட்டுரையில் முதல் பெயர் ரூத்தி அமீர், கடைசிப் பெயர் ஹூடா சோக்பி. சோக்பி அந்தக் கேள்வியைப் பல வருடம் துரத்தியவர். அந்த ஒரு கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எந்த எச்-இண்டெக்ஸிலும் தெரியாது. உங்கள் ஆய்வாளர் பெயர் முதலிலோ கடைசியிலோ இருக்கும் கட்டுரைகளை மட்டும் தனியாக எடுத்தால் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்து முப்பதாகக் குறையலாம். அந்த முப்பதுதான் அவர். மற்றவை அவர் இருந்த கூட்டம்.

இன்னொரு விஷயம், கருவிக் கட்டுரைகள். ஏடாஸ் என்ற நேரடிக் கவனிப்பு மதிப்பீடும், பெற்றோரிடம் கேட்கும் ஏடிஐ-ஆர் நேர்காணலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் மகனுக்கே செய்திருக்கக்கூடும். கேத்தரின் லார்ட் முதல் ஆசிரியராக 1994இலும் 2000இலும் வந்த அந்தக் கட்டுரைகள் இந்தத் துறையிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் சேரும், ஏனென்றால் ஆட்டிசம் உள்ளவர்களைச் சேர்த்து யார் எந்த ஆய்வு செய்தாலும் முறைகள் பகுதியில் "இந்தக் கருவியால் உறுதி செய்தோம்" என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அது உண்மையான பயன், மதிக்க வேண்டியது. ஆனால் அந்த மேற்கோளும் "இவர் கண்டுபிடித்தது எங்கள் ஆய்வை மாற்றியது" என்ற மேற்கோளும் ஒன்றல்ல. திறனாய்வுக் கட்டுரைகளும் அப்படித்தான், பிறர் வேலையைத் தொகுத்துச் சொல்பவை மூல ஆய்வுகளைவிட அதிகம் மேற்கோள் வாங்கிவிடும்.

தராசு எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இப்படிப் பேசிப் பேசி எண்ணுக்கு மதிப்பே இல்லை என்ற இடத்துக்குப் போய்விடாதீர்கள். நான் வேறு துறையில் ஆராய்ச்சி செய்பவள். முப்பது வருடத்தில் மொத்தம் பன்னிரண்டு மேற்கோள் வாங்கிய ஒருவர் "குணப்படுத்தும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொல்லி எச்சில் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். சக ஆய்வாளர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதே ஒரு தகவல்தான்.

கூட்டமைப்பில் பெயர் வருவதும் சும்மா இல்லை. ஒரு குடும்பத்தைச் சேர்க்க எத்தனை முறை தொலைபேசியில் பேச வேண்டும், எத்தனை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்த வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். நடுவில் பெயர் இருப்பதால் அது அவருடைய வேலை இல்லை என்று சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த நடுப் பெயர்கள் இல்லாமல் 102 மரபணுவும் இல்லை.

எக்ஸோம் எழுதியது:

தராசு சொல்வது நியாயம். "மற்றவை அவர் இருந்த கூட்டம்" என்று நான் எழுதியது கடுமையாக வந்துவிட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன். மிகக் குறைந்த எண்ணுக்கு எச்சரிக்கை மணியாக ஒரு பயன் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே யார் சிறந்தவர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் என் வாதம்.

ஆனால் இந்தத் துறைக்கு என்று ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கீழைக்காற்றுக்குப் பாதிதான் சொன்னதாகும். 1977இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே கரு இரட்டையர் 11 ஜோடியில் 4 ஜோடிக்கு இருவருக்கும் ஆட்டிசம், இரு கரு இரட்டையர் 10 ஜோடியில் ஒன்றில்கூட இல்லை. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெற்றோரைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த 21 ஜோடி அந்தப் பேச்சின் அடித்தளத்தை ஆட்டியது. சிறிய ஆய்வு, பெரிய திருப்பம்.

அதற்குப் பிறகு வந்த சிறிய ஆய்வுகள் எல்லாம் அப்படி நிற்கவில்லை. 1990களிலும் 2000களிலும் "இந்த மரபணுவாக இருக்கலாம்" என்று முன்கூட்டியே ஊகித்து, நூறு இருநூறு குடும்பத்தில் தேடிப் பார்த்த கட்டுரைகள் குவிந்தன. செரோட்டோனின் கடத்தி மரபணு, ரீலின் மரபணு போன்றவை திரும்பத் திரும்ப வந்தன. ஒரு குழு தொடர்பு இருக்கிறது என்று சொல்லும், அடுத்த குழு இல்லை என்று சொல்லும், மூன்றாவது குழு எதிர்த்திசையில் இருக்கிறது என்று சொல்லும். மூவரும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவார்கள். எண்ணிக்கை மூன்று பக்கமும் ஏறியது, மரபணு உறுதியாகவில்லை. மாதிரி போதாது என்று பின்னால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டுரைகளால் நிரம்பிய பட்டியல் இன்றும் எண்ணில் பளபளக்கும்.

நின்றது எப்படி இருக்கும் என்பதற்கு சிஎச்டி8 என்ற மரபணுவைப் பாருங்கள். 2012இல் மூன்று குழுக்கள் தாய், தந்தை, குழந்தை மூவர் எக்ஸோமையும் ஒப்பிட்டு, பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றங்களைத் தேடி, நேச்சரில் ஒரே நேரத்தில் வெளியிட்டன. இரண்டு குழுக்களின் முடிவில் சிஎச்டி8 வந்தது. 2014இல் வேறொரு பெரிய தேடலில் அதே மரபணுவில் 15 தனித்தனி மாற்றங்கள் கிடைத்தன, அந்தக் குழந்தைகளில் தலை பெரிதாக இருப்பது, வயிற்றுத் தொல்லை என்று பொதுவான கூறுகள் இருந்தன. 2020 பட்டியலிலும் அது இருக்கிறது. வேறு கைகள், வேறு மாதிரிகள், அதே விடை. உங்களிடம் மூவர் எச்சில் கேட்பதும் இந்த ஒப்பீட்டுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் அவர் பெயர் முதலிலோ கடைசியிலோ இருக்கும் கட்டுரைகளில் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் மாதிரி, அவருக்குத் தொடர்பில்லாத குழு அதைத் திரும்பச் செய்து பார்த்ததா, அதே முடிவு வந்ததா என்று மட்டும் தேடுங்கள். புரியாத பத்தியைத் தாண்டிப் போங்கள், சுருக்கத்திலும் முறைகள் பகுதியிலும் இவ்வளவு கிடைத்துவிடும்.

நூலகத்து மேசை எழுதியது:

மேற்கோள் என்றால் ஆமோதிப்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு ஆட்டிசத்தைவிடக் கசப்பான உதாரணம் வேறு துறையில் கிடைக்காது. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரை, 12 குழந்தைகளை வைத்து எழுதியது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது அதுதான். 2004இல் இணை ஆசிரியர்கள் 10 பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள், 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையையே திரும்பப் பெற்றது, அதே வருடம் அவர் மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். இன்றும் அதன் மேற்கோள் எண்ணிக்கை ஆயிரங்களில். மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் அது தவறு என்று சொல்லத்தான் காட்டினார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகையால் இன்னும் ஒன்று செய்யுங்கள். பட்டியலில் எந்தக் கட்டுரையாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா, திருத்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அந்தக் கட்டுரைப் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் பெயரைப் போட்டுத் தேடலாம். திருத்தம் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், தன் பிழையைத் தானே கண்டுபிடித்து வெளியில் சொன்னவராகவும் இருக்கலாம். நான் அப்படிப்பட்டவர்களை அதிகம் நம்புவேன்.

ஓரத்து நாற்காலி எழுதியது:

நான் ஆட்டிசம் உள்ள பெரியவன். முப்பத்தெட்டு வயதில்தான் எனக்கு உறுதிப்படுத்தினார்கள். இந்த இழையை இரண்டு முறை படித்தேன், எல்லோரும் அக்கறையோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் ஒரு விஷயம் யாரும் தொடவில்லை.

மேற்கோள் என்பது ஆய்வாளர்கள் ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொள்வது. அந்த 11,986 பேரில் ஒருவர்கூட அந்த எண்ணில் பேசவில்லை. 2021இல் பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் 10கே என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள், ஆட்டிசம் உள்ள 10,000 பேருடைய டிஎன்ஏவும், கூடவே அவர்கள் குடும்பத்தாருடையதும் வேண்டும் என்று. தலைமை தாங்கியவர்களின் மேற்கோள் எண்ணிக்கையில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் கேட்டது வேறு: இந்தத் தரவு யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும், எங்களைப் பிறக்கவிடாமல் செய்யும் சோதனைக்கு இது படிக்கல் ஆகுமா? எதிர்ப்பு வலுத்து, சில வாரங்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள்.

நான் மரபணு ஆய்வுக்கு எதிரி இல்லை. வலிப்போடு வாழும் ஆட்டிசக் குழந்தைக்கு எந்த மரபணு என்று தெரிந்தால் எந்த மருந்து ஆகாது என்று தெரிய வழி உண்டு, அது நல்லது. ஆனால் அவர் கட்டுரைகளைப் படிக்கும்போது முன்னுரையில் எங்களைப் பற்றி எந்தச் சொற்களில் எழுதுகிறார் என்று பாருங்கள். சுமை, கேடு, தடுப்பு என்ற சொற்கள் மட்டும்தானா? ஆய்வின் வடிவமைப்பில் ஆட்டிசம் உள்ளவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களா? உங்கள் மகனுக்கு ஏழு வயது. பதினெட்டு வயதில் அவன் "என் மாதிரியை அழித்துவிடுங்கள்" என்று சொன்னால் அதற்கு வழி இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு எச்-இண்டெக்ஸில் விடை இல்லை, படிவத்தின் நான்காவது ஐந்தாவது பக்கத்தில்தான் இருக்கும்.

தராசு எழுதியது:

ஓரத்து நாற்காலி, நன்றி. நான் இவ்வளவு நேரம் யார் எழுதினார் என்பதிலேயே நின்றுவிட்டேன். யாரைப் பற்றி என்பதை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்.

கீழைக்காற்று எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மகன் தூங்கிய பிறகுதான் படிக்க முடிந்தது.

ஆர்க்கிட் பக்கம் இருந்தது. கூகுள் ஸ்காலரில் அவர் பெயரில் இருந்த பதினோரு கட்டுரை அவருடையதே இல்லை, எலும்பியல் பற்றியவை. முதலிலோ கடைசியிலோ பெயர் உள்ளவற்றை எடுத்தேன். எக்ஸோம் சொன்னது போலவே பட்டியல் சுருங்கியது, ஆனாலும் நாற்பதுக்கு மேல் இருந்தது. அதில் ஐந்தைப் படித்தேன். பழைய இரண்டு, நீங்கள் சொன்ன அந்த ஊக மரபணு வகை, நூற்றுச் சொச்சம் குடும்பம், பிறகு யாருக்கும் அதே முடிவு வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் மூன்றாவது கட்டுரையில் அவரே "எங்கள் முந்தைய முடிவு பெரிய மாதிரியில் நிற்கவில்லை" என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த வரியை மூன்று முறை படித்தேன். கடைசி இரண்டும் மூவர் ஒப்பீடு, பெரிய கூட்டமைப்போடு சேர்ந்து செய்தவை. திரும்பப் பெற்ற கட்டுரை எதுவும் இல்லை.

சொற்களையும் பார்த்தேன். பழைய கட்டுரைகளில் படிக்கவே மனசு வலித்தது, புதியவற்றில் மாறியிருக்கிறது, முழுதாக அல்ல.

பிறகு குழுவுக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். மகன் வளர்ந்தபின் விலக முடியுமா, தரவு வேறு யாருக்குப் போகும், எங்கள் குடும்பத்தில் ஏதாவது கண்டுபிடித்தால் எங்களிடம் சொல்வீர்களா. பதில் எழுதியது தலைவர் இல்லை, குடும்பங்களோடு பேசும் ஒரு பெண். அவர் பெயரை ஐந்து கட்டுரையிலும் நடுவில் எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது, தராசு சொன்னதுதான் மனதில் ஓடியது. விலகலாம் என்றார், அதுவரை செய்த கணக்கிலிருந்து எடுக்க முடியாது, மாதிரியை அழித்துவிடுவோம் என்றார். மருத்துவ ரீதியாகப் பயனுள்ளது தெரிந்தால் மரபியல் ஆலோசகர் மூலம் சொல்வார்களாம். வணிக நிறுவனங்களுக்குத் தரவு போகலாம் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் அதற்குத் தனிச் சம்மதம் கேட்கிறார்கள்.

நேற்று அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம். மகனுக்கு எச்சில் குழாயைப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன், எதற்கு என்றும் அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லும்வரை குழாய் பெட்டியிலேயே இருக்கும்.